கப்பல் ஸ்பாவுக்கு உள்பாவாடை போதும்

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன், எனக்குச் சங்கடமான இடங்களையும் சேர்த்து. முதலிலேயே இதைச் சொல்லக் காரணம் உண்டு. இந்தப் பயணத்தில் ஒரு பொய் இருக்கிறது. அதைச் சொன்னவள் நான்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த மே மாதத்தில் நாங்கள் சொகுசுக் கப்பலில் போனோம். எங்கள் ஊர் வடமதுரை. அப்பா கடைவீதியில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். வருடத்துக்கு இவ்வளவு என்று சொன்ன அளவை விற்றுக்கொடுக்கும் கடைக்காரர்களைப் பெயின்ட் கம்பெனி குடும்பத்தோடு எங்காவது கூட்டிப்போகும். இந்த முறை சென்னையில் ஏறி, கடலில் இரண்டு இரவு இருந்துவிட்டு, எங்கும் நிற்காமல் சென்னைக்கே திரும்பும் கப்பல். பாஸ்போர்ட் வேண்டாம், ஆதார் அட்டை போதும். அழைப்பு வந்த உறைக்குள் ஒரு கூப்பன் இருந்தது. கப்பலில் உள்ள ஸ்பாவில் ஒருவருக்கு ஐம்பது நிமிட மசாஜ். கூப்பன் இல்லாமல் போனால் 4,200 ரூபாய், வரி தனி.

அப்பா அதை அம்மாவிடம் நீட்டினார். அம்மாவின் வலது தோள் தீபாவளிக்குப் பிறகு இறுகிப்போயிருந்தது. கை மார்பு உயரத்துக்கு மேல் எழும்பாது. சோறு வடிப்பது, கொடியில் துணி போடுவது, விளக்கு போடுவது எல்லாம் இடது கையால்தான். ஒரு கையால் தலை பின்ன முடியாதென்பதால் தினமும் காலையில் நான் பின்னிவிடுவேன். திண்டுக்கல்லில் பார்த்த டாக்டர் மாத்திரையோடு பிசியோதெரபிக்கும் எழுதிக்கொடுத்தார். அம்மா இரண்டு நாள் போனார். உயிர் போகிற மாதிரி வலிக்கிறது என்று நிறுத்திவிட்டார்.

கூப்பனைப் பார்த்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "என்னத்த உடுத்திட்டுப் போறது?"

அடுத்து, "கண்டவுக முன்னாடி துணியக் கழட்டிட்டுப் படுக்கணுமாக்கும். எனக்கு வேணாம். யாருக்காச்சும் குடுத்துருங்க."

அன்று மாலை அப்பாவின் போனில் தேடினேன். எல்லாம் ஆங்கிலப் பக்கங்கள். நீச்சல் உடை கொண்டுவாருங்கள், அங்கி நாங்கள் தருவோம், நகை வேண்டாம், உங்களுக்கு எது வசதியோ அதை அணியுங்கள் என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு வசதியானது சேலை. சேலையோடு மசாஜுக்குப் போகலாமா என்று ஒரு பக்கமும் சொல்லவில்லை. இந்தப் பதிவை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

பொய்யும் அப்போதுதான் வந்தது. அம்மா அடுப்படியிலிருந்து, "என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார். நான் போனைப் பார்த்தபடியே, "ஒரே தடவையில கை மேல தூக்கிருமாம்மா" என்றேன். அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு வந்து, கூப்பனை எடுத்துப் பருப்பு டப்பாவுக்கு அடியில் வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல் போனோம். வடமதுரையிலிருந்து பேருந்தில் அரை மணி நேரம். மணிக்கூண்டுப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில், ஸ்பாவுக்குப் போட ஏதாவது இருக்கிறதா என்று நானே கேட்டேன். கடை அக்கா என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். "அதுக்குன்னு தனியா ஒண்ணும் வராது பாப்பா. கல்யாணத்துக்குச் சேல, மத்த எல்லாத்துக்கும் நைட்டி." முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி ஒன்று 380 ரூபாய்க்கு எடுத்தோம். தோள் தூக்க முடியாதவர்களுக்கு ஜிப் நைட்டியே நல்லது. தலைவழியே மாட்ட வேண்டியதில்லை.

வியாழக்கிழமை கம்பெனி பேருந்து அதிகாலை 4.30-க்குத் திண்டுக்கல்லில் புறப்பட்டு, 5.05-க்கு எங்களை வடமதுரை பிரிவில் ஏற்றிக்கொண்டது. வேடசந்தூர், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் கடைக்காரர்களெல்லாம் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் ஒட்டன்சத்திரம் கடைக்காரரின் மனைவி, மரகதம் அக்கா. விழுப்புரம் தாண்டுவதற்குள் அவருக்குக் கூப்பன் விஷயம் தெரிந்துவிட்டது.

"ஏனுங்க, நீங்க போகலீன்னா சொல்லுங்க, நான் போறேன். எனக்கு ரெண்டு முட்டியும் போச்சுங்க."

"துணியெல்லாம் கழட்டணுமாம்ல," என்றார் அம்மா.

"எனக்கென்னங்க, அம்பத்திரெண்டு வயசாச்சு. பாக்கறவங்கதான் பயப்படோணும்."

பேருந்தில் பின் வரிசை வரைக்கும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். ஆனால் கூப்பனைக் கொடுக்கவில்லை.

மதியம் 1.40-க்குச் சென்னைத் துறைமுகம். சுமார் 420 கிலோமீட்டர், இடையில் சாப்பாட்டுக்கு ஒரு நிறுத்தம். ஏறும் முன் பைகளைச் சோதிக்கிறார்கள். அம்மாவின் பையில் அரை லிட்டர் நல்லெண்ணெய் இருந்தது. உள்ளே பூண்டும் மிளகும் போட்டுக் காய்ச்சியது. கூடவே ஒரு டப்பாவில் சீயக்காய்த்தூள். கப்பலுக்குள் வெளி மது கொண்டுபோகக் கூடாது என்பதால் காவலர் பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். முகத்தைச் சுளிக்காமல் மூடித் திருப்பிக் கொடுத்தார். சீயக்காயை மட்டும் இரண்டு பேர் கூடிப் பார்த்தார்கள்.

எண்ணெய் எதற்கு என்று எனக்கு அடுத்த நாள்தான் புரிந்தது. மசாஜ் நேரம் வெள்ளிக்கிழமை காலை 11 மணி. எங்கள் பக்கம் பெண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது செவ்வாயும் வெள்ளியும். ஸ்பா என்பதை அம்மா யாரோ தேய்த்துவிடும் எண்ணெய்க் குளியல் என்றே நினைத்திருந்தார். அதனால் ஒன்பதரைக்கே அறையில் இருந்த கெட்டிலில் வெந்நீர் வைத்து, அதில் பாட்டிலை இறக்கி, என்னைத் தலையில் எண்ணெய் வைக்கச் சொன்னார். நானும் வைத்தேன். ஒரு கை இல்லை, மூன்று கை எண்ணெய். காதோரம் வழிந்தது. இந்தத் தவறில் என் பங்கும் உண்டு என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

ஸ்பா பத்தாவது தளத்தில் இருந்தது. எங்கள் அறை ஐந்தாவது தளம். அம்மா நைட்டிக்குள் உள்பாவாடை, தோளில் துண்டு, தலையில் இன்னொரு துண்டு. மின்தூக்கியில் வந்தவர்கள் பூண்டு வாசனைக்கு எங்கோ சமையல் நடக்கிறது என்று சுற்றிலும் பார்த்தார்கள். நாங்களும் பார்த்தோம்.

வரவேற்பில் ஒரு படிவம் கொடுத்தார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், எங்கே வலி, எங்கே தொடக் கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளே அனுமதி இல்லை. எனக்குப் பதினைந்து. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்றதும், மசாஜ் தொடங்கும் வரை மொழிபெயர்க்க என்னை விட்டார்கள். மசாஜ் செய்பவர் பெயர் மெம்சா, ஊர் மணிப்பூர். பெண்களுக்குப் பெண்கள்தான் என்று முதலிலேயே சொன்னார். அம்மாவின் தோள் அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது.

உள்ளே சிறிய அறை. மெத்தை போட்ட உயரமான மேசை, மங்கலான வெளிச்சம், தாழ்ப்பாள் உண்டு. மேசைமேல் மடித்த வெள்ளை அங்கியும், காகிதம் போல் மெல்லியதாக, பாக்கெட்டில் அடைத்த ஒரு ஜட்டியும் இருந்தன. அம்மா பாக்கெட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இதப் போடுறதும் ஒண்ணுதான், போடாததும் ஒண்ணுதான். ஏ புள்ள, நான் வரல. தலை சுத்துதுன்னு சொல்லிரு, போவோம்."

மெம்சா அதற்குள் துண்டைத் தொட்டுப் பார்த்து, தலையில் ஏன் இவ்வளவு எண்ணெய் என்று கேட்டார். நான் அம்மாவிடம் கேட்டேன். "வெள்ளிக்கிழமை காஞ்ச தலையோட யாராச்சும் எண்ணெ தேய்க்கப் போவாகளா? அவுககிட்ட கேளு." நான் கேட்டேன். மெம்சா தலையணைமேல் இன்னும் மூன்று துண்டு விரித்தார்.

அம்மா கதவைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். மெதுவாக, "பம்புசெட்டுல குளிக்கிற மாதிரி பாவாடைய ஏத்திக் கட்டிக்கிட்டா ஆகாதாமா?" என்றார்.

இதற்கு ஆங்கிலம் எனக்கு வரவில்லை. அம்மா நைட்டிக்கு மேலேயே உள்பாவாடை நாடாவை மாருக்கு மேல் தூக்கி முடிச்சுப் போடுவதைச் சைகையில் காட்டினார். மெம்சா சிரித்துவிட்டார். தங்கள் ஊரில் தன் அம்மா ஃபனேக் என்ற துணியை வீட்டில் அப்படித்தான் மாருக்கு மேல் கட்டிக்கொள்வார் என்றும், தாராளமாகக் கட்டிக்கொள்ளலாம், எந்த இடத்தைத் தேய்க்கிறேனோ அதை மட்டும் விலக்குவேன் என்றும் சொன்னார். தாலியைக் கழற்ற வேண்டாம், ஒரு சின்னத் துண்டில் சுற்றிக் கழுத்தோரம் ஒதுக்கிவைத்தால் போதும். ஐந்து நிமிடத்தில் எல்லாக் கேள்வியும் தீர்ந்தது.

தீராதது ஒன்று இருந்தது. மெம்சா அம்மாவின் வலது கையை மெல்லத் தூக்கிப் பார்த்தார். மார்புக்கு மேல் வரவில்லை. கீழே இறக்கிவைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: இது மசாஜில் சரியாகாது. நான் இதை இழுத்துத் தூக்க மாட்டேன். சுற்றியுள்ள தசையை மட்டும் தளர்த்துகிறேன். தினமும் பயிற்சி செய்ய வேண்டும், பல மாதம் ஆகலாம்.

அம்மா என் முகத்தைப் பார்த்தார். "என்ன சொல்லுறாக?"

நான் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன்.

"அப்ப ஒரே தடவையில தூக்கிரும்னு போட்டிருந்துச்சுன்னியே?"

"அப்படி எங்கயும் போடலம்மா. நீ போகணும்னு நானாத்தான் சொன்னேன்."

அம்மா சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். 11.17. கூப்பனில் பதினேழு நிமிடம் போயிருந்தது. என்னைத் திட்டவில்லை. "இம்புட்டு தூரம் வந்தாச்சு," என்றார். "இந்த முடிச்ச இறுக்கிக் கட்டு. கட்டிட்டு வெளிய போ."

கட்டிவிட்டு வெளியே போனேன். இஞ்சி போட்ட தேநீர் கொடுத்தார்கள், இலவசம். 11.50-க்கு அம்மா வந்தார். முகம் தூங்கி எழுந்த மாதிரி இருந்தது. கை பழையபடிதான் தொங்கியது. மெம்சா பின்னாலேயே வந்து, வரவேற்பறைச் சுவரில் விரல்களை வைத்து, எறும்பு ஏறுவதுபோல் ஒவ்வொரு விரலாக மேலே நகர்த்திக் காட்டினார். வலி தொடங்கும் இடத்தில் நிறுத்தி, பத்து எண்ணி, இறங்கவேண்டும். அம்மாவும் செய்தார். தோள் உயரம்கூட வரவில்லை.

அறைக்கு வந்து சீயக்காய் போட்டுத் தலை குளித்தார். எண்ணெய் தேய்த்த நாளில் பகலில் தூங்கக் கூடாது, குளிர்ச்சி ஆகாது என்று இரவு வரை மேல் தளத்தில் உட்கார்ந்து கடலைப் பார்த்தார். ஐஸ்கிரீம் எவ்வளவு வேண்டுமானாலும் இலவசம். அம்மாவின் பங்கையும் மரகதம் அக்கா சாப்பிட்டார். என்னோடு அம்மா சாயங்காலம்தான் பேசினார். "இனிமே படிச்சா, படிச்சத மட்டும் சொல்லு." அவ்வளவுதான்.

போகப்போகிறவர்களுக்கு: பருத்தியில் நீளமான உள்பாவாடை ஒன்றும் ஜிப் நைட்டியும் போதும். நாடா எலாஸ்டிக்காக இருந்தால் மாருக்கு மேல் நிற்காது, கட்டும் நாடாவே எடுத்துப்போங்கள். நீராவி அறைக்கும் வெந்நீர்த் தொட்டிக்கும் போவதென்றால்தான் நீச்சல் உடை கேட்பார்கள். தலையில் எண்ணெய் வைக்காதீர்கள், அங்கேயே எண்ணெய் இருக்கிறது. நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னால் போய்விடுங்கள், கேள்விகள் உங்கள் ஐம்பது நிமிடத்தைத் தின்றுவிடும். வளையல், கொலுசை அறையிலேயே வைத்துவிடலாம். எது வேண்டாமோ அதைச் சொல்லிவிடலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை. வலி தீரும் என்று மட்டும் போகாதீர்கள். அன்று இரவு அம்மாவுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது, கிடைத்தது அதுதான்.

நாங்கள் திரும்பி மூன்று மாதம் ஆகிறது. அம்மா வாரத்தில் இரண்டு நாள் திண்டுக்கல்லுக்குப் பிசியோதெரபிக்குப் போகிறார். வலிக்கிறது, ஆனாலும் போகிறார். மற்ற நாட்களில் காலையில் என் மேசைக்குப் பக்கத்துச் சுவரில் விரல் ஏறுகிறது. ஏறிய இடத்தில் நான் பென்சிலால் கோடு போடுகிறேன். முதல் கோடு மேசைக்கு மேலே, அம்மாவின் மார்பு உயரத்தில். நேற்றைய கோடு சுவிட்ச் போர்டுக்கு இரண்டு விரல் கீழே.

இந்தப் பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பாக்கெட் வரியை எடுக்கச் சொன்னார். எடுக்க முடியாது என்றேன். "அப்ப நீ சொன்ன பொய்யும் இருக்கட்டும்," என்றார். இருக்கிறது.

விடியும் முன்னே எழுந்து இந்தக் கடைசிப் பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மா வந்து பக்கத்தில் நிற்கிறார். விரல்கள் ஏறுகின்றன. நேற்றைய கோட்டில் நின்று பத்து எண்ணினார், இறக்கவில்லை. "விடிஞ்சு செத்த நேரமாச்சு, இன்னும் எதுக்கு லைட்டு?" என்கிறார். நேரம் 6.20. வலது கை கோட்டைத் தாண்டி சுவிட்சுக்கு ஏறுகிறது. விளக்குகள் அணைக்கப்பட்டன.