சவர்க்காரத்தில் விழுந்த பள்ளம்

என் சமையலறை சன்னல் விளிம்பில் ஒரு நீலச் சவர்க்காரக் கட்டி இருக்கிறது. துணி துவைக்கும் சாதாரணக் கட்டிதான். ஒரு பக்கம் மட்டும் விரல் பதியும் அளவுக்குப் பள்ளமாகத் தேய்ந்திருக்கிறது. துணியில் தேய்த்தால் அப்படித் தேயாது. காரின் பிளாஸ்டிக் பெட்ரோல் தொட்டியில், அடி விளிம்பில் விரிசல் ஓடிய மேட்டின் மேல், அழுத்தி அழுத்தித் தேய்த்ததால் விழுந்த பள்ளம் அது. தேய்த்தவர் என் மாமா, அக்காவின் கணவர். வீட்டுக்கு வருகிறவர்கள் இதை ஏன் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறாய் என்று கேட்டால், பல்லி வராது என்று எதையாவது சொல்லிவைப்பேன். பொய் எனக்குச் சரளமாக வரும். ஆனால் வாழ்க்கையில் பெரிய பொய் என்று சொன்னது இரண்டே இரண்டுதான். இரண்டையும் மாமாவிடம்தான் சொன்னேன்.

மாமா மெர்போக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் ஸ்டோரில் வேலை செய்தவர். மரத்திலிருந்து வரும் ரப்பர் பால் உறையாமல் இருக்க அமோனியா ஊற்றுவார்கள். வாலிப வயதிலிருந்து அந்தக் காரத்தில் நின்று நின்று அவருக்கு வாசனை என்பதே அற்றுப்போய்விட்டது. மல்லிகையும் கருவாடும் அவருக்கு ஒன்றுதான். தோட்டத்தை விற்று வீடுகள் கட்டியபோது நாங்கள் எல்லோரும் சுங்கை பட்டாணி ஓரத்தில் ஒரு தாமானுக்கு, வரிசை வீட்டுக் குடியிருப்புக்கு, வந்தோம். அக்கா வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி என் வீடு. அன்றிலிருந்து நான்தான் மாமாவின் மூக்கு. சமையல் காஸ் தோம்பு மாற்றினால் ஒழுகுகிறதா என்று மோந்து பார்க்க என்னைக் கூப்பிடுவார். நேற்று வைத்த மீன்குழம்பைக் கிண்ணத்தோடு கொண்டுவந்து நீட்டுவார். அக்காவிடம் கேட்கமாட்டார், அவள் எதையும் கெட்டுப்போனது என்று சொல்லமாட்டாள், அவ்வளவு சிக்கனக்காரி. எனக்கு அவர் வைத்த பெயர் மூக்காயி. மூக்குத்தி போட்ட எனக்கு அது பொருத்தமான பெயர்தான் என்று அக்கா சிரிப்பாள்.

எல்லாவற்றையும் கேட்டுச் செய்கிற மனிதர் அவர். தண்ணீர்க் குழாய்க்கு வாஷர் போடக்கூட நாலு பேரிடம் விசாரிப்பார். “தெரிஞ்சவன்கிட்ட கேட்டா வாய் தேஞ்சிடாது” என்பார். எனக்கு அந்த விசாரிப்பு எரிச்சலாக இருக்கும். நான் அவசரக்காரி. கையுறைத் தொழிற்சாலையில் ஒரு நிமிடத்துக்கு இத்தனை சோடி என்று கை ஓடிப் பழகியவள். மாமாவோடு ஒரு வேலைக்கு நின்றால் பொறுமைக்குத் தனியாகச் சம்பளம் தரவேண்டும் என்று அக்காவிடம் சொல்லுவேன்.

அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டிருந்தன. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் டவுனுக்குப் போய் டயாலிசிஸ் இயந்திரத்தில் படுக்கவேண்டும். ஒரு தடவை தவறினால் கால் வீங்கி, மூச்சு வாங்கி, பேச்சே குழறும். அதனால் அந்தப் பழைய கார்தான் அவளுக்கு உயிர். மாமா அதைத் தினமும் துடைப்பார், எண்ணெய் பார்ப்பார், டயரைத் தட்டிப் பார்ப்பார். தை மாதக் கடைசியில் ஒருநாள் காருக்குள் ஏறியதுமே அக்கா குமட்டலெடுத்து இறங்கிவிட்டாள். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. என்னைக் கூப்பிட்டார். நான் குனிந்து பின்சக்கரத்துப் பக்கம் மூக்கை வைத்ததுமே பெட்ரோல் நெடி முகத்தில் அடித்தது. அடியில் படுத்துப் பார்த்தபோது தொட்டியின் விளிம்பில் மயிரிழை போல ஒரு விரிசல், அதன் நுனியில் சொட்டு.

அப்போதுதான் இந்தச் சவர்க்காரம் வந்தது. ஈரமாக்கிய கட்டியை விரிசலில் தேய்த்து அடைத்தால் பெட்ரோல் அதைக் கரைக்காது, இரண்டு மூன்று நாள் தாங்கும். அது வழியில் நின்றுபோனவன் வீடு சேர்வதற்கான வைத்தியம். மாமாவுக்கும் அது தெரியும். தேய்த்த கையோடு கார் பழுதுபார்க்கும் பெங்கெலுக்குப் போய், அங்கே சீன முதலாளி தவுக்கேயிடம் காட்டினார். தவுக்கே தலையை ஆட்டிவிட்டார். இந்தப் பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் நிற்காது, சூடு காட்டி ஒட்டலாம் என்று எவனாவது சொன்னால் கிட்டே போகாதே, காலித் தொட்டிதான் நிறைந்த தொட்டியைவிட மோசம், உள்ளே நிற்கிற ஆவி ஒரு பொறிக்குக் காத்துக்கொண்டிருக்கும், மாற்றத்தான் வேண்டும் என்றார். பழைய சாமான் கடையிலிருந்து அதே மாதிரி காரின் நல்ல தொட்டி ஒன்றை வரவழைத்தும் கொடுத்தார். ஆனால் மறுநாள் சீனப் புத்தாண்டு. எல்லாப் பெங்கெலும் ஒரு வாரத்துக்கு மேல் மூடிக் கிடக்கும். திரும்பி வந்து மாட்டித் தருகிறேன், அதுவரை காரைத் தொடாதே என்று சொல்லிவிட்டுத் தவுக்கே பினாங்குக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை வாடகைக் கார் கிடைத்தது. வெள்ளிக்கிழமை கிடைக்கவில்லை. ஒன்றரை மணிநேரம் வாசலில் நின்று, தாமதமாகப் போய், பாதி நேரம்தான் இயந்திரத்தில் படுத்தாள். சனிக்கிழமை அவள் முகம் உப்பியிருந்ததைப் பார்த்த மாமா, தவுக்கேவுக்குப் போன் போட்டுவிட்டார். தானே மாற்றினால் என்ன செய்யவேண்டும், என்ன செய்யக்கூடாது என்று அரைமணிநேரம் கேட்டு, நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதிக்கொண்டார். தவுக்கே முதலில் திட்டினாராம், பிறகு விஷயம் தெரிந்து எல்லாம் சொன்னாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் ராத்திரி வேலை முடிந்து வந்து தூங்கப் போகுமுன் மாமா கூப்பிட்டுவிட்டார். தாளில் இருந்த ஒன்றைக்கூட அவர் விடவில்லை. காரை வீட்டு முன்கூரையிலிருந்து வெளியே காற்றோட்டமான இடத்துக்குத் தள்ளினோம். பேட்டரி வயரைக் கழற்றினார். கைப்பேசிகளை வாங்கி உள்ளே வைத்தார். தீயணைக்கும் சிவப்புக் குப்பியைப் பக்கத்தில் நிறுத்தினார். மிச்ச பெட்ரோலைக் கைப்பம்பால் மூடியுள்ள தோம்பில் இறக்கி, தெருமுனைக்கு அப்பால் ஒரு மரநிழலில் கொண்டுபோய் வைத்தார். ஜாக்கியை நம்பாமல் கட்டைத் தாங்கிகள் கொடுத்தார். ஒவ்வொரு வேலைக்கும் நடுவில், “மூக்காயி, வாசம் வருதா பாரு.” நான் குனிவேன், பார்ப்பேன், வருது மாமா, குறைஞ்சிருக்கு மாமா, இப்ப இல்ல மாமா என்பேன். பதினைந்து தடவையோ இருபது தடவையோ. கண் எரிந்தது. இடுப்பு விட்டுப்போயிற்று. மத்தியானத்துக்குள் புதுத் தொட்டி ஏறிவிட்டது. அதில் பெட்ரோல் ஊற்றி, இணைப்பு ஒவ்வொன்றையும் துடைத்துப் பார்த்து, இன்ஜினை ஓடவிட்டு, ஒரு சொட்டுகூட இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. காரை மறுபடி கூரைக்கடியில் நிறுத்தினார்.

பழைய தொட்டியைப் பற்றித் தவுக்கே, அப்படியே மூடி என் கடை வாசலில் போட்டுவிடு என்று மட்டும் சொல்லியிருந்தார். கழுவு என்றும் சொல்லவில்லை, கழுவாதே என்றும் சொல்லவில்லை. கேட்டுக் கேட்டுச் செய்கிற மாமாவுக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை. பால் ஸ்டோரில் வளர்ந்த உடம்பு அது. அங்கே வாளியோ தோம்போ, கையைவிட்டுக் கீழே வைக்குமுன் கழுவியாகவேண்டும். கழுவாமல் வைத்தால் பால் உறைந்து கட்டிப்பாலாகிவிடும், கங்காணி கத்துவார். பம்புக் குழாய் எட்டாத மூலையில் தொட்டிக்குள் இரண்டு மூன்று குவளை பெட்ரோல் நின்றிருக்கவேண்டும். அவர் தண்ணீரை விட்டு, குலுக்கி, வாசலில் ஓடும் லோங்காங்கில், அந்தச் சாக்கடைக் கால்வாயில், கவிழ்த்தார். மூன்று தடவை. மழை பெய்து வெகுநாள் ஆகியிருந்தது. கால்வாயில் தண்ணீர் ஓடவில்லை, தேங்கி நின்றது. வாசல் கேட்டுக்கு நேராக அதன்மேல் சிமெண்டுப் பலகை மூடியிருந்தது.

கைகால் கழுவி உட்கார்ந்த மாமாவுக்கு அக்கா தேநீர் கொடுத்தாள். காருக்குச் சுத்திப் போடவேண்டும் என்றாள். புதுச் சாமான் ஏறியிருக்கிறது, நாளைக்குத் திங்கட்கிழமை, அதில்தான் போகப்போகிறோம், கண்ணேறு இருக்கக்கூடாது. எலுமிச்சம்பழத்தின் மேல் கற்பூரம் ஏற்றி மூன்று சுற்று சுற்றி, வாசலுக்கு வெளியே எறிவது எங்கள் பக்கத்து வழக்கம். மாமா சாமி விஷயத்தில் மறுப்புச் சொல்லாதவர். ஆனால் அன்றைக்குத் தவுக்கேயின் தாள் சட்டைப்பையில் இருந்தது.

“காருகிட்ட நெருப்பு வேணாம்லா. கற்பூரத்தப் பொருத்தாம சுத்திட்டு, கேட்டுக்கு வெளிய கொண்டுபோயி கொளுத்திப் போடு” என்றார். சரியென்று அக்கா எழுந்தாள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

“மூக்காயி, வெளிய லோங்காங்குகிட்ட வாசம் இருக்கா, ஒரு எட்டுப் போயி பாத்துரு.”

நான் நிலைப்படியில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து கேட்டு எட்டடி தூரம்கூட இருக்காது. ராத்திரி முழுக்கத் தூங்காதவள். காலையிலிருந்து குனிந்து குனிந்து அலுத்தவள். என் கையில், துணியில், தலைமுடியில் எல்லாம் பெட்ரோல் வாசம்தான். மூக்கு அதற்குப் பழகிப்போயிருந்தது. எழுந்திருக்க மனமில்லை. இருந்த இடத்திலிருந்தே கேட்டைப் பார்த்துச் சொன்னேன்.

“இல்ல மாமா.”

அவர் என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு கருவிகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். நான் எழுந்தேனா உட்கார்ந்தே இருந்தேனா என்று பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய அவசியம் என்ன, நான் அவருடைய மூக்கல்லவா.

அக்கா சிமெண்டுப் பலகையின் மேல் நின்று கற்பூரத்தைக் கொளுத்தி, பழத்தைக் கால்வாய் ஓரமாகப் போட்டாள். பெரிய சத்தமெல்லாம் இல்லை. துணியை உதறியது போல ஒரு சத்தம். பலகையின் இரண்டு பக்கமும் தீ எழுந்து அவளுடைய நைட்டியைப் பிடித்தது. மாமா அந்தச் சிவப்புக் குப்பியோடு பாய்ந்து ஒரு நிமிடத்துக்குள் அணைத்துவிட்டார். தாளில் எழுதியிருந்தபடிதான் குப்பியின் பின்னைப் பிடுங்கினார், தீயின் அடியைக் குறிபார்த்தார். கோப்பை என் கையிலேயே இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், தீப்புண் கால்களில் மட்டும்தான், நல்ல உடம்பாக இருந்தால் தேறிவிடும் என்றார். அக்காவுடையது நல்ல உடம்பில்லை. ஒன்பதாம் நாள் விடிகாலையில் போய்விட்டாள்.

கருமாதி முடிந்த மறுநாள் மாமா என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. அந்த நாள்காட்டித் தாளைக் கையில் வைத்திருந்தார். ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டேன், எங்கே தவறியது என்று தெரியவில்லை என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். குற்றம் சாட்டுகிற குரலில்லை. வழக்கம்போல விசாரித்தார், அவ்வளவுதான்.

“நீ குனிஞ்சு மோந்து பாத்தல்ல?”

சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொல்லத்தான் வாய் திறந்தது, வந்தது வேறு.

“பாத்தேன் மாமா. ஒண்ணும் தெரியல.”

அவர் மெதுவாகத் தலையசைத்தார். “அப்ப நான் கழுவி ஊத்துனதுதான் தப்பு. நாந்தான் கொன்னுட்டேன்” என்றார். தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அதன்பிறகு இரண்டு வருடம் இருந்தார். இருந்தார் என்றுதான் சொல்லவேண்டும். காரை ஒரு தடவைகூட எடுக்கவில்லை. தினமும் காலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து கால்வாயில் ஊற்றுவார், அது ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பார். தெருவில் யார் கேட்டாலும் என் தப்புதான் என்று அவரே முந்திக்கொண்டு சொல்லுவார். நான் சன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். இன்று சொல்லிவிடலாம், நாளை சொல்லிவிடலாம் என்று நாள் போயிற்று. என்னால் தாங்கமுடியாமல் போனது வேறொன்று. அவர் என் மூக்கை நம்புவதை நிறுத்தவே இல்லை. தானே சமைத்த குழம்பைக் கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டுவார். “மூக்காயி, கெட்டுப்போச்சா பாரு.” நான் கிண்ணத்துக்குள் முகத்தை விட்டுப் பார்ப்பேன். இப்போது ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். செத்தவளுக்கு அது என்ன பிரயோசனம்? போன வருடம் மாரடைப்பில் அவரும் போனார். தப்பைத் தன்மேலேயே வைத்துக்கொண்டு போனார். எனக்கு மன்னிப்பு தரக்கூடிய ஒரே ஆளும் போய்விட்டார்.

அவர் வீட்டைக் காலி செய்தபோது முன்கூரை அலமாரியில் இந்தச் சவர்க்காரம் கிடைத்தது. எடுத்துவந்தேன். போன வாரம் பழைய இரும்பு எடுக்கிறவர் காரை ஏற்றிப்போக லாரியோடு வந்தார். மலாய்க்காரப் பெரியவர். தொட்டியில் பெட்ரோல் இருக்கிறதா, எங்காவது ஒழுகுகிறதா, வாசம் வருகிறதா என்று கேட்டார். நான் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தேன். உள்ளே போய், சிமெண்டுத் தரையில் முட்டி போட்டு, கையூன்றி, காரின் அடியில் தலையை நுழைத்தேன். தூசியும் எலிப் புழுக்கையும்தான் மூக்கில் ஏறின. மாமா மாட்டிய தொட்டி அத்தனை நாளாகியும் ஒரு சொட்டுகூட ஒழுகியிருக்கவில்லை. நான் நெடுநேரம் எழுந்திருக்காததைப் பார்த்து அந்தப் பெரியவர் என்னவோ ஏதோ என்று குனிந்து கூப்பிட்டார்.

கார் போய்விட்டது. சவர்க்காரம் சன்னலில் இருக்கிறது. சில காலைகளில் அதை எடுத்துப் பள்ளத்தில் மூக்கை வைத்துப் பார்க்கிறேன். பெட்ரோல் வாசம் இல்லை மாமா. குனிந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.