தக்காளி மண்டியில் ஒரு 'ங்க'

நேற்று மாரண்டஹள்ளியில் ஒரு கல்யாண மண்டப வாசலில் அம்மாவோடு இறங்கியதுமே, ரசத்துக்குப் பிசைந்த தக்காளியின் வாசம் வந்து மோதியது. அவ்வளவுதான், மண்டபம் மறைந்து, அதே இடத்தில் முன்பு இருந்த தக்காளி மண்டி என் கண்முன் எழுந்து நின்றது. தகரக் கூரை, நசுங்கிய பழங்களின் புளித்த ஈரம், ஏலக் குரல்களுக்கு நடுவே கூடைகள் உரசும் சத்தம். அம்மா அங்கே பழம் தரம் பிரிப்பாள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன நான், மாலையில் கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து, மண்டிக்காரர் யாரை எப்படிக் கூப்பிடுகிறார் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். தக்காளி கொண்டுவரும் தோட்டக்காரர்களுக்கு "வாங்க, உக்காருங்க". அம்மாவுக்கு "ஏ, இங்க வா". தேர்தல் வந்து கட்சித் துண்டு தோளில் ஏறினால் மட்டும் அதே வாய் அம்மாவிடம் "வாங்கம்மா" என்று குழையும்.

"ஓட்டு போடற வரைக்கும் நாம 'ங்க'டி" என்று அம்மா மற்ற பெண்களோடு சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. அந்த 'ங்க'வை அவளுக்கு நிரந்தரமாக வாங்கித் தர வேண்டுமென்றே வாய்ப்பாட்டை உரக்கப் படிப்பேன்.

நேற்று நடந்தது அந்த மண்டிக்காரர் வீட்டுக் கல்யாணம். அவருடைய பேரனுக்கு நான்தான் டீச்சர். வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த அவர் எங்களைக் கண்டதும், "டீச்சரோட அம்மாவா? வாங்கம்மா, முன்னால போயி உக்காருங்க" என்றார்.

முன்வரிசையில் உட்கார்ந்ததும் அம்மா என் கையைக் கிள்ளி, "ஏம் புள்ள, எலெக்‌ஷன் வந்துருச்சா?" என்று கேட்டாள்.

இந்த முறை எனக்கும் சிரிப்பு வந்தது.