பட்லர் திறக்கவிடாத டம்பெல்

தங்கவயலுக்கு எலக்ட்ரிக் விளக்கு வராத காலம் அது. வட ஆற்காட்டிலிருந்து கட்டிய வேட்டியோடு வந்தவன் நான். கையெழுத்துப் போடுவதற்கு மேல் படிப்பு கிடையாது. அப்படிப்பட்டவன் பாலகாட் சுரங்கத்துப் பக்கம், அதன் எல்லைக்கு வெளியே, சொந்தமாகக் கல்வீடு கட்டினேன். சுரங்கத்துக்குள், நிற்காது என்று மற்றவர்கள் கைவிட்ட பாறையை மரம் முட்டுக்கொடுத்து நிறுத்தி, மர மேஸ்திரி ஆனேன். அடுப்புக்கும் படுக்கைக்கும் நடுவில் மிஞ்சிய துண்டு இடத்தில் ஒரு தேகப்பயிற்சிக் கூடமும் அமைத்தேன். அந்தக் கூடத்துக்கு டம்பெல் வாங்கப் போன அன்று நடந்ததை இதுவரை மறக்க முடியவில்லை.

சுரங்கத்தில் கல் விழுந்து என் வலது மணிக்கட்டு பழுதாகியிருந்தது. மரம் தூக்க முடியாதவனை மேஸ்திரியாக வைத்திருக்க மாட்டார்கள். முதலில் லேசாகத் தூக்கு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் ஏற்று என்றார் கம்பவுண்டர். கர்லாக்கட்டை சுற்றிப் பார்த்தேன். உறியில் இருந்த பானை உடைந்தது. "கையும் போச்சு, இப்ப பானையும் போச்சு. இன்னும் இன்னாங்க பாக்கி?" என்றாள் என் மனைவி. சுற்றவும் இடமில்லை, வகைவகையாக இரும்பை அடுக்கவும் இடமில்லை. ஒரே ஜோடியாக இருக்க வேண்டும், கனத்தை மட்டும் கூட்டிக் குறைக்க வேண்டும்.

அந்தச் சமயம் ஒரு துரை சீமைக்குத் திரும்பினார். அவருடைய சாமான்களை, சுரங்க எல்லைக்குள் இருந்த பங்களாவின் பின்கட்டில் அவருடைய பட்லர் விற்றுக்கொண்டிருந்தார். இரண்டு ஜோடி டம்பெல் இருந்தன. ஒன்று, கம்பியின் இரு முனையிலும் இரும்புத் தகடுகளைக் கோத்துக் கழற்றும் வகை. துருப்பிடித்துக் கிடந்தது. மற்றது பளபளவென்று இருந்தது. முனைகளில் உள்ளே கூடான உருண்டைகள். மரையைத் திருகித் திறந்து, வேட்டைத் துப்பாக்கியின் ஈய ரவையை வேண்டிய அளவு கொட்டிக்கொள்ளலாம். என் கை அதன்மேல்தான் போனது.

"காசு இப்ப வாணாம் மேஸ்திரி. வூட்டுக்கு எடுத்துனு போய்த் தூக்கிப் பாருங்க. நாளைக்கி நானே வந்து கனத்த சரி பண்ணித் தரேன். இந்த ஒரு உருண்டைய மட்டும் தொறக்காதீங்க, மரை தேஞ்சிருக்குது," என்றார் பட்லர்.

உடைந்த நாற்காலிக்கே விலை பேசி மல்லுக்கட்டுகிற ஆள் அவர். எனக்கு எங்கேயோ இடித்தது. சுரங்க எல்லைக் கேட்டில், தங்கம் கடத்துகிறார்களா என்று கூலிகளின் குடுமியை அவிழ்த்துக்கூடச் சோதிப்பார்கள். என்னைப் பார்த்தால் தலையசைத்து விட்டுவிடுவார்கள். அது அவருக்கும் தெரியும்.

சுரங்கத்தில் முட்டு வைக்கும் முன் பாறையை இரும்பால் தட்டி, சத்தத்தைக் கேட்போம். கெட்டியான பாறை கணீரென்று சொல்லும், விழப்போகிற பாறை மொத்தென்று கேட்கும். தகடு கோக்கிற கம்பியை எடுத்து உருண்டைகளைத் தட்டினேன். ஒன்றில் ரவை சலசலத்தது. அவர் திறக்காதே என்ற உருண்டை ஈரமண்ணைத் தட்டியது மாதிரி மொத்தென்று கேட்டது.

"இன்னா பட்லரே, ஒண்ணு பேசுது, ஒண்ணு வாயே தொறக்கலியே?"

"துரைக்கு சத்தம் ஆவாது. அதான் பஞ்சு வச்சு அடைச்சேன்."

"அப்ப இன்னொண்ணு போடுற சத்தம் மட்டும் துரைக்குத் தாலாட்டா?"

"போலீஸ் மாதிரி கேக்குறீங்களே மேஸ்திரி," என்று சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

எனக்குக் கை நோகிறது, இதை நீங்களே கேட்டைத் தாண்டிக் கொண்டுவந்து கொடுங்கள், வீட்டில் சாப்பிட்டுப் போகலாம் என்றேன். உடனே அவருக்கு அடுப்பில் குழம்பு கொதிப்பது ஞாபகம் வந்துவிட்டது. நான் துருப்பிடித்த தகடுகளுக்கே காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

கேட்டில் வழக்கமாக வழிவிடும் காவல்காரர் அன்று என்னை நிறுத்தினார். ஒவ்வொரு தகடாகக் கழற்றச் சொன்னார். பிறகு, "உருண்ட வச்சதுன்னாங்களே, அது எங்க?" என்றார்.

நான் யாரிடமும் சொல்லவில்லையே.

"அத வாங்கல. தட்டினா பேசாத உருண்ட ஒண்ணு பட்லர் கிட்ட இருக்குது. போய்த் தொறந்து பாருங்க," என்றேன்.

காவல் ஆட்கள் பங்களாவுக்குப் போய்வரும்வரை என்னை அங்கேயே நிறுத்திவைத்தார்கள். ஷிப்ட் முடிந்து வந்தவர்களெல்லாம் என்னைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு போனார்கள். உருண்டை வந்தது. மரை தேயவே இல்லை, சுலபமாகத் திறந்தது. உள்ளே துணியில் இறுக்கிக் கட்டிய தங்கமண், மில்லில் பாறையை இடித்து எடுப்பது. கேட்டில் அது என் கையில் இருந்திருந்தால் வேலை, வீடு, பேர் எல்லாம் போய் ஜெயிலில் உட்கார்ந்திருப்பேன்.

கேட்டுக்கு முன்கூட்டியே துப்புக் கொடுத்தது யார்? தங்கத் திருட்டைக் காட்டிக்கொடுத்தால் கிடைக்கிற இனாமுக்கு ஆசைப்பட்டு என்னையே பலிகொடுக்கப் பட்லர் பார்த்தாரா, அவரோடு கூட்டு வைத்த எவனாவது காட்டிக்கொடுத்தானா, இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு அங்கே யார் சிரித்துப் பேசினாலும் எனக்கு ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டே இருந்தது.

துருத் தகடுகளால் என் மணிக்கட்டு தேறியது. பட்லரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. காவல்காரருக்கு உத்தியோகம் உயர்ந்தது. அவர் கண் கூர்மையால்தான் தங்கம் பிடிபட்டது என்று தொழிலாளர் லைன் வீடுகளில் இன்றும் பேசுகிறார்கள். கண் அவருடையதாகவே இருக்கட்டும், காது என்னுடையது. என் குடும்பத்தின் மானத்தை அன்று காப்பாற்றியது அந்தக் காதுதான் என்பதால், இனி அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் உருண்டையைத் தட்டிப் பார்த்தவன் ஒரு மர மேஸ்திரி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.