காலண்டருக்கு எடுத்த படங்கள்

டெக்ஸஸில் நாங்கள் முதலில் குடியிருந்தது பருத்திக் காடுகளுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன ஊர். என் மனைவி அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். எண்பதுகளின் தொடக்கத்தில் மகளையும் என்னையும் வரவழைத்தாள். அதுவரை நான் பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். பள்ளி இறுதியோடு படிப்பை நிறுத்தியவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க மாட்டேன். எனக்கு அந்த ஊரில் யார் வேலை தருவார்கள்? கிடைக்காவிட்டால் ஹூஸ்டனில் மனைவியின் சித்தப்பா மகன் வைத்திருந்த கேஸ் ஸ்டேஷன் என்கிற பெட்ரோல் பங்கில் நான் மட்டும் போய்த் தங்கி வேலை பார்ப்பது என்று பேசி வைத்திருந்தோம். பல வருஷம் கடிதத்திலேயே குடும்பம் நடத்திவிட்டு இப்போதுதான் ஒரே வீட்டில் இருந்தோம். மறுபடி பிரிவதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

ஊரில் ஃபிலிமைக் கழுவ அனுப்பிப் படம் வாங்கித் தருவது மருந்துக் கடையில்தான். கடைக்காரரின் முன்னோர்கள் ஸ்காட்லாந்தில் ஒரு குக்கிராமத்திலிருந்து வந்து இந்த ஊரை உண்டாக்கியவர்களாம். ஊரின் முக்கியமான இடங்களைப் படமெடுத்துக் காலண்டர் போட வேண்டும், அந்தக் கிராமத்துக்கும் அனுப்ப வேண்டும் என்று அவருக்கு ஆசை. மனைவி மாத்திரை வாங்கப் போன இடத்தில் என் தொழிலைச் சொல்லியிருக்கிறாள். எடுத்துத் தரட்டும், நன்றாக வந்தால் போட்டோ கவுண்டரிலேயே வேலைக்கு வைத்துக்கொள்கிறேன் என்றாராம்.

கல்லால் கட்டிய சர்ச், ஊர்ப் பெயர் எழுதிய தண்ணீர்த் தொட்டி, ரயில் நிற்காமலாகிவிட்ட பழைய ஸ்டேஷன் என்று ஒவ்வொன்றாக எடுத்தேன். கேமராவுக்குப் பின்னால் முகம் மறைந்துவிடுவதால் எனக்குக் கூச்சம் குறைவு. ஆனால் ஜன்னல் திரைகள் விலகுவது தெரியும். பேங்க் எதிரில் நின்றபோது ஷெரிஃப் கார் வந்து நின்றது. இறங்கியவர், "ஈரானா?" என்று கேட்டார். ஈரானில் அமெரிக்கர்களைப் பிணையாகப் பிடித்து வைத்திருந்த கோபம் அப்போது யாருக்கும் ஆறவில்லை. மருந்துக் கடைக்காரர்தான் ஓடி வந்து, இவர் என்னுடைய ஆள் என்று சொல்லி அனுப்பி வைத்தார்.

சர்ச்சின் உள்பக்கம் மட்டும் பாக்கி இருந்தபோது கடைக்காரருடைய அம்மா இறந்துபோனார். ஆஸ்பத்திரியில் அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டவள் என் மனைவி. அதனால் அடக்க ஆராதனைக்கு மூவரும் போனோம். கடைக்காரரின் தம்பி ராணுவத்தில் ஜெர்மனியில் இருக்கிறார், வர முடியவில்லை என்று போகிற வழியில் மனைவி சொன்னாள்.

எங்கள் ஊரில் ஸ்டுடியோக்காரன் வந்து படம் எடுக்காமல் பெட்டியை மூட மாட்டார்கள். தலைமாட்டில் பலகை கொடுத்துப் பெட்டியைக் கொஞ்சம் உயர்த்தி, பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி ஒரு படம். பம்பாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வர முடியாத பிள்ளைக்கு அதைத்தான் அனுப்புவார்கள். அழுகிறவர்களிடம் எடுக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. நாமே போய் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும்.

பெட்டி திறந்திருந்தது. வரிசையில் போய் முகம் பார்க்க எங்கள் முறை வந்ததும் கோட்டுக்குள்ளிருந்து கேமராவை எடுத்தேன். கடைக்காரரையும் அவர் மனைவியையும் அம்மா பக்கத்தில் நெருங்கி நிற்கும்படி கை காட்டினேன். அவர்களுக்குப் புரியவில்லை. ஒரு படம் எடுத்தேன். முகம் சரியாக விழவில்லையோ என்று இன்னொன்றும் எடுத்தேன். இரண்டாவது ஃபிளாஷுக்கு முன் வரிசையில் ஒரு பெரியவர் எழுந்துவிட்டார். கடைக்காரர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்துக்கு நேரே தன் உள்ளங்கையை விரித்துப் பிடித்தார்.

மனைவி என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். "ஏன் இப்பிடிச் செஞ்சீய?"

"தம்பிக்காரருக்கு அனுப்பத்தான்..."

"இது என்ன பாளையங்கோட்டையா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா? பெட்டியத் தூக்கி நிறுத்தச் சொல்லாம விட்டீயளே, அதுவே பெருசு."

"அப்பா, நோபடி டஸ் தட். நோபடி!" என்றாள் மகள். ஸ்கூலில் இனி எப்படிப் போய் உட்காருவது என்று காரில் அழுதுகொண்டே வந்தாள்.

ஊர்ப் படங்களும் அதே ரோலில்தான் இருந்தன. மனைவி அதைக் கொண்டுபோய்க் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். படங்கள் வந்ததும் அவர் எங்களைக் கூப்பிட்டார். கவுண்டர் கண்ணாடிமேல் சர்ச்சையும் தொட்டியையும் ஸ்டேஷனையும் பரப்பி வைத்தார். நன்றாக வந்திருக்கின்றன, காலண்டர் போடுகிறேன் என்றார். அம்மாவின் படங்கள் அதில் இல்லை. நெகட்டிவிலும் அந்தத் துண்டு வெட்டப்பட்டிருந்தது. கிழித்துப் போட்டாரா, வைத்துக்கொண்டாரா, தெரியவில்லை.

பிறகு அவர் மெதுவான குரலில் நிறையப் பேசினார். மனைவி என் பக்கம் திரும்பினாள். "நல்ல மனசோடதான் செஞ்சீயன்னு அவருக்குத் தெரியுமாம்."

மீதியை அவள் சொல்லவில்லை. கடைக்கு வருகிறவர்கள் அதையேதான் பேசுகிறார்கள், கவுண்டரில் என்னை நிறுத்த முடியாது என்று அவர் சொன்னது எனக்கே புரிந்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி என்னை ஹூஸ்டனில் கொண்டுபோய் விட்டாள். கேஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் எனக்கு ஒரு அறை. மைத்துனன் கல்லாவை எப்படித் திறப்பது என்று காட்டினான்.

"அத்தான், கஸ்டமர்ட்ட சிரிச்சுப் பேசணும், என்ன? உம்முன்னு நின்னா நம்ம ஊர்லயே பெட்ரோல் போட வர மாட்டான்."

சரி என்றேன். வெளியே மனைவி காரை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள்.