பேரிங் மாற்றாத மோட்டர்

சித்தியின் முழங்கால் மடியவேண்டும். நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் எங்கள் வீட்டில் இதைவிட வேறு கதை இருக்கவில்லை. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறவள், அந்த வருடம் வீட்டுக்கு நான்தான் ராசாத்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் தங்கையுடைய ஒரு முழங்கால் என்னை வகுப்பின் கடைசி வாங்குக்குத் தள்ளிவிட்டது.

சித்தி பள்ளிக்கூட ரீச்சர். கல்யாணம் கட்டாமல் இணுவிலில் எங்களோடுதான் இருந்தார். மானிப்பாய்க்குப் போகிற வழியில் ஸ்கூட்டரோடு விழுந்து, காலுக்குத் தகடு வைத்து, ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தபோது அவருடைய வலது கால் நீட்டினபடியே நின்றது. பயிற்சி கொடுக்க வந்த பிசியோ மிஸ் ஒன்றையும் ஒளிக்கவில்லை. மாரி தொடங்க முன்னம் மடக்கிப் பழக்காவிட்டால் மூட்டு இறுகிவிடும், பிறகு ஆர் வந்தும் ஒன்றும் செய்ய ஏலாது என்று சொல்லிவிட்டார். நிலத்தில் நின்று மடக்கினால் உடம்பின் பாரம் முழுக்க அந்தக் காலில் விழும். நெஞ்சளவு தண்ணீரில் நின்றால் பாரம் குறையும். ஆகவே நாள் தவறாமல் தண்ணீருக்குள் நின்று மடக்கவேண்டும், நடக்கவேண்டும் என்பது அவருடைய கட்டளை.

கீரிமலைக் கேணிக்கு ஓட்டோவில் கூட்டிப்போகலாம் என்றார் அப்பா. சித்தி மாட்டேன் என்றுவிட்டார். அங்கே சனம் பார்க்கும். பார்த்தால் 'பாவம்' என்று சொல்லும்.

இந்தச் சொல்லைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஆஸ்பத்திரியால் வந்த நாள் தொடக்கம் எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். தோடம்பழம் ஒரு பை, பால்மா ஒரு பெட்டி, 'பாவம்' ஒன்று. இதில் ஒன்றும் குறையாது. பாவம், வாழவேண்டிய பிள்ளை. பாவம், இனி எப்படிக் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறது. சித்தி எல்லாருக்கும் சிரித்த முகத்தோடு தலையாட்டுவார். அவர்கள் படலை தாண்டியதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். ஆனால் அழவில்லை. தகடு வைத்தபோதும் அழவில்லை, தையல் பிரித்தபோதும் அழவில்லை. சரியான நெஞ்சுரம் என்று ஊர் முழுக்கக் கதை. எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. வகுப்பில் சொல்லித் திரிந்தேன்.

கேணிக்குப் போகாவிட்டால் கேணி வீட்டுக்கு வரட்டும் என்று கனடாவில் இருக்கிற மாமா முடிவெடுத்தார். கப்பலில் ஒரு பெரிய பெட்டி வந்தது. நிலத்தைத் தோண்டாமல், இரும்புக் கால்களை நிறுத்தி, தண்ணீர் ஒழுகாத நீலப் படங்கை விரித்துக் கட்டுகிற நீச்சல் தொட்டி. ஏறி இறங்க ஓர் ஏணி. தண்ணீர் பழுதாகாமல் சுத்தம் செய்ய, பில்டரோடு சேர்ந்த ஒரு சின்னத் தண்ணீர்ப் பம். அப்பா தொட்டியைக் கிணற்றடியில் பூட்டி, சுற்றவரப் படங்கால் மறைப்புக் கட்டி, தண்ணீர் இறைத்து நிரப்பினார். பிறகு பம்மைக் கொண்டுபோய்ச் செருகினார். அது கனடா மின்சாரத்துக்குச் செய்த பம். எங்களுடைய மின்சாரம் அதைவிட இரண்டு மடங்கு. ஒரு பொறி, கொஞ்சம் புகை, அவ்வளவுதான். அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு செத்த கோழிக்குஞ்சைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பம் இல்லாமல் சமாளிக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். சில நாளில் தண்ணீர் பச்சை பிடித்து வழுக்கத் தொடங்கியது. தையல் ஆறின இடத்தில் கிருமி பிடித்தால் வேறு வினை வேண்டாம் என்று பிசியோ மிஸ் சித்தியை இறங்க விடவில்லை. திறந்துவிட்டுத் திரும்ப நிரப்பலாம் என்றால், கோடைக் கிணறு அதற்குத் தாங்காது. கூட இறைத்தால் உவர் ஏறிவிடும். ஒரு கிழமை வீணாய்ப் போயிற்று. மாரி நெருங்கிக்கொண்டிருந்தது. இனிப் பம் வாங்கியே ஆகவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் ஆரைக் கேட்டாலும் பம்மைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். எத்தனை குதிரை வலு, எவ்வளவு ஆழத்திலிருந்து தூக்கும், எத்தனை பாத்திக்குத் தண்ணீர் பாயும் என்று எல்லாம் விரல் நுனியில் இருக்கும். ஆனால் எடுத்த தண்ணீரை எடுத்த இடத்திலேயே திரும்ப விடுகிற பம் என்றதும் அப்பாவின் சிநேகிதர்களுக்கு வாயடைத்துப் போயிற்று. அதில் ஒருவர், அப்படியொரு வேலைக்குப் பம் எதற்கு, ஒரு ஆளை விட்டு வாளியால் அள்ளி ஊற்றலாமே என்று கேட்டுவிட்டார். கடைசியில் டவுனில் விடுதிக்காரருக்குச் சாமான் கொடுக்கிற ஒரு கடை இருக்கிறதென்று தெரியவந்தது. தானும் வரவேண்டும் என்று சித்தி ஒற்றைக்காலில் நின்றார். உண்மையிலேயே ஒற்றைக்காலில்தான். ஓட்டோவின் பின் இருக்கையில் காலை நீட்டி வைத்துக்கொண்டு அவரும் அம்மாவும் வந்தார்கள். அப்பாதான் ஓட்டினார்; என்னை அவரோடு முன்னுக்கு நெருக்கினார்கள்.

கடைக்காரர் நல்ல மனுசன். தொட்டி எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று கேட்டார். அந்தத் தண்ணீர் முழுவதும் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரமாவது பில்டருக்குள் போய் வரவேண்டும், அதற்குக் காணுகிற வலுவுள்ள பம் தன்னிடம் இரண்டு இருக்கிறது என்றார். ஒன்று புதிது. உள்ளே மடிப்பு மடிப்பாகக் காகித பில்டர், கையில் தூக்கலாம். மற்றது ஒரு விடுதியில் கழற்றியது. மணலுக்குள்ளால் தண்ணீரை விட்டு வடிக்கிற பெரிய குடமும், பக்கத்தில் பழைய மோட்டரும். எங்களுடைய கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு இருப்பதால் காகிதத்தை அடிக்கடி கழுவவேண்டி வரும், ஆனாலும் வீட்டுப் பாவனைக்குப் புதியதே திறம் என்பது அவருடைய எண்ணம். அப்பாவும் அதைத் தட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டார்.

சித்தி இரண்டையும் போட்டுக் காட்டச் சொன்னார்.

புதியது ஓடுகிறதோ இல்லையோ என்று காதை வைத்துக் கேட்கவேண்டியிருந்தது. பழையதைப் போட்டதும் தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கர்ர் என்று தொடங்கி, பிறகு அரைவை மில்லின் சத்தம்.

"உது உங்களுக்கு வேண்டாம் ரீச்சர்" என்றார் கடைக்காரர். "பேரிங் தேஞ்சு போயிட்டுது, அதுதான் உந்தச் சத்தம். வேணுமெண்டால் நாளைக்கு மாத்தித் தாறன். பேந்து இருக்கிற இடமே தெரியாது."

"மாத்த வேண்டாம். உப்பிடியே தாங்கோ."

கடைக்காரருக்கு விளங்கவில்லை. அப்பாவுக்கு வெட்கமாய்ப் போயிற்று. பிள்ளைக்குச் சோதினை வருகிறது, இந்த இரைச்சலுக்குள் எப்படிப் படிக்கிறது என்று என்னைக் காட்டிச் சொன்னார். எனக்காக ஒருவர் கதைத்து எத்தனையோ நாள். கண் கலங்கிவிட்டது. பரவாயில்லை, தண்ணீருக்குள் ஆள் நிற்கும்போது பம் ஓடத் தேவையில்லை, ஓடாமல் விடுவதுதான் பாதுகாப்பு, எல்லாரும் படுத்த பிறகு போட்டால் காணும் என்று கடைக்காரர் சமாதானம் சொன்னார். அப்போதுதான் சித்தி அப்பாவை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் தண்ணிக்கை நிக்கேக்கை அது ஓடவேணும் அத்தான். இல்லாட்டி நான் இறங்கன்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையை அசைத்தார். பழையது ஓட்டோவில் ஏறியது. கட்டின காசுக்குப் பேரிங்கையும் மாற்றாமல் கொண்டுபோகிற சனத்தைக் கடைக்காரர் அதற்கு முதல் கண்டிருக்கமாட்டார். திரும்பி வரும்போது எனக்குச் சித்தியில் அப்படியொரு கோபம். வருத்தம் வந்து படுத்த ஆள் எது கேட்டாலும் வாங்கிக் கொடுப்பதா என்று மனதுக்குள் புறுபுறுத்துக்கொண்டு வந்தேன்.

தண்ணீரும் கரண்டும் பக்கத்தில் இருக்கக்கூடாது என்று அப்பா மோட்டரைத் தள்ளி, பின்வேலியோடு சீமெந்துத் தளம் போட்டுப் பூட்டினார். ஏதும் பிசகினால் உடனே விழுகிற சுவிச்சும் வைத்தார். பின்வேலி தகரவேலி. மோட்டரைப் போட்டதும் தகரமும் சேர்ந்து அதிரத் தொடங்கியது.

மத்தியானத்தில்தான் தண்ணீர் வெயிலுக்கு வெதுவெதுப்பாய் இருக்கும். அம்மா சித்தியை ஏணியால் ஏற்றி உள்ளே இறக்கி, சுவிச்சைப் போட்டுவிட்டுக் குசினிக்கு வந்துவிடவேண்டும். கூப்பிட்டால் தவிர ஒருவரும் மறைப்புக்குள் போகக்கூடாது. இதெல்லாம் சித்தி போட்ட சட்டம். பள்ளிக்கூடத்தால் வந்து நான் பின்னக் கணக்கோடு மாரடிக்கிற நேரமும் அதுதான். காதுக்குள் பஞ்சு வைத்துப் பார்த்தேன். விடையைத் தவிர மற்றெல்லாம் வந்தது.

தகரவேலிக்கு அந்தப்பக்கம் வெங்காயத் தோட்டம் செய்கிற ஒரு தோட்டக்காரர் இருந்தார். அப்பாவை விட வயது கூடியவர். வேலியைத் தகரமாக்கிய காலத்தில், எல்லையைத் தள்ளிப் போட்டதாக அவருக்கும் அப்பாவுக்கும் வாய்த்தர்க்கம் வந்து, அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சில்லை. மோட்டர் ஓடத் தொடங்கிச் சில நாளில் அவர் குறுகலான ஒழுங்கை வழியே சுற்றி எங்கள் படலைக்கு வந்தார். விடியத் தொடக்கம் தோட்டத்தில் முறிகிற மனிசன் மத்தியானத்தில் ஒரு கண் அயரவேண்டாமா, இது மோட்டரா மில்லா என்று கேட்டார். இது பில்டர் மோட்டர், கொஞ்ச நேரந்தான் ஓடும் என்று அப்பா பணிவாகத்தான் சொன்னார். பிரதேச சபைக்கு எழுதிப்போடுவேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார். நியாயத்தைக் கதைக்கிற ஒரே மனிசன் என்று நான் உள்ளுக்குள் அவர் பக்கம் நின்றேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள், சித்தி தண்ணீருக்குள் நிற்கும்போது, கரண்ட் நின்றது.

மோட்டர் இழுத்துக்கொண்டு ஓய்ந்தது. தகரத்தின் அதிர்வும் அடங்கியது. அந்த அமைதிக்குள் ஒரு சத்தம் கேட்டது. எங்கேயோ ஆட்டுக்குட்டி வேலிக்குள் மாட்டிக்கொண்டதாக்கும் என்று நினைத்தேன். பிறகு அதற்குள் சொல் கேட்டது. அம்மா, அம்மா, ஏலாதம்மா என்று. எப்பவோ செத்துப்போன தன் தாயைக் கூப்பிட்டுச் சித்தி கதறிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் அழாத சித்தி. கத்திய கத்தில் மோட்டர் நின்றதே அவருக்கு உடனே தெரியவில்லை. தெரிந்ததும் வாயைப் பொத்தியிருக்கவேண்டும், சத்தம் பாதியில் அறுந்தது. ஆனால் பிந்திவிட்டது. தகரவேலிக்கு அந்தப்பக்கத்தில் ஆரோ இருமியது எங்களுக்கே கேட்டது.

அம்மா ஓடினார். சட்டத்தை மறந்து நானும் பின்னால் ஓடினேன். சித்தி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் எனக்குத் தெரியாத ஆருடையதோ முகம் மாதிரி இருந்தது.

"கேட்டிட்டார் அக்கா. என்னைத் தூக்கு. இனி நான் இறங்கமாட்டன்."

இந்த மனிசி சொன்னால் சொன்னதுதான். இனி இறங்காது. கால் இப்படியே நின்றுவிடும்.

அந்த நேரம் வேலிக்குப் பின்னால் கயிறு இழுக்கிற சத்தம். ஒருதரம், இரண்டுதரம். பிறகு அவருடைய மண்ணெண்ணெய் இறைப்பு மெசின் வெடிச்சத்தத்தோடு கிளம்பியது. எங்களுடைய மோட்டர் அதற்கு முன்னால் எந்த மூலைக்கு! பக்கத்தில் நின்ற அம்மா என்னவோ சொன்னார், வாய் அசைந்ததுதான் தெரிந்தது.

சித்தி ஏணியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் வேலிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மாவுக்குக் கையால் காட்டினார், நீ போ என்று. நாங்கள் மறைப்பை விட்டு வெளியே வந்தோம். கரண்ட் வந்து எங்கள் மோட்டர் கர்ர் என்று தொடங்கியதும் அந்த மெசின் நின்றது.

கரண்ட் அடிக்கடி நிற்கிற கோடை அது. மத்தியானத்தில் நின்றால் போதும், கயிறு இழுபடுகிற சத்தம் கேட்கும். அந்த மனிசன் எங்களைப் பழிவாங்குகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எங்களுடைய சத்தம் அவருடைய நித்திரையைக் கெடுத்தது, இப்போது அவர் என்னுடைய படிப்பைக் கெடுக்கிறார். ஆதாரம் தேடி ஒரு நாள் கொய்யா மரத்தில் ஏறி வேலிக்கு மேலால் பார்த்தேன். வெங்காயம் கிண்டி முடிந்து தோட்டம் வெறும் செம்மண்ணாகக் கிடந்தது. ஒரு பாத்தி இல்லை, ஒரு கீரை இல்லை. கோடைத் தண்ணீர் கண்டபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் மெசினுக்குப் பக்கத்தில் எங்கள் வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தார். இறங்கி ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன், பயிர் இல்லாத தரைக்கு அந்த மனிசன் இறைக்குது, எங்களைக் குழப்பத்தான் என்று. அம்மா அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயை விட்டுக் கையெடுக்காமல், "இறைக்கட்டும்" என்றார்.

மாரி தொடங்க முன்னம் சித்தியின் முழங்கால் மடிந்தது. முழுக்க இல்லை. கதிரையில் இருக்கவும், பஸ்ஸில் ஏறவும், கரும்பலகைக்கு முன்னால் நிற்கவும் அந்த மடிப்புக் காணும். தொட்டியைக் கழற்றி மடித்து வைத்தார்கள். நான் பரீட்சையில் சித்தியடைந்தேன், அதுவும் அந்த இரண்டு சத்தத்தையும் மீறி என்று எல்லாரிடமும் சொன்னேன். பின்வளவுத் தோட்டக்காரரை வழியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன்.

அப்பாவும் அவரும் அதற்குப் பிறகும் கதைக்கவில்லை. ஆனால் பின்னேரங்களில் சித்தி முற்றத்தில் கதிரை போட்டிருந்து கொப்பி திருத்தும்போது அவர் ஒழுங்கையால் போனால், சித்தி கொப்பியைக் கீழே வைத்துவிட்டு, கதிரையின் கையைப் பிடித்து, அந்தக் காலை மெல்ல மெல்ல மடக்கி ஊன்றி எழும்பி நிற்பார். அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவர் ஒழுங்கை முடக்கால் திரும்பி மறையுமட்டும் சித்தி நின்றுகொண்டே இருப்பார். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு எங்களை அவ்வளவு வதைத்த ஒரு மனிசனுக்கு, நோகிற காலோடு ஒரு ரீச்சர் எழும்பி நிற்பதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.