புஷ்பம் அக்கா செய்த மெழுகுதிரிகள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, மெரிலேண்ட்ஸ் ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது நிரோஷாவின் அழைப்பு வந்தது. புஷ்பம் அக்காவின் மகள் அவள்; மெல்பேர்னில் மல்கிரேவில் இருக்கிறாள். வேலை நாளில் அந்நேரத்தில் என்னை அழைப்பவள் அல்ல. “அன்ரி, அம்மா மோசம் போயிட்டா. நித்திரையிலேயே போயிட்டாவாம். ஆஸ்பத்திரியிலயிருந்து இப்பதான் எடுத்துச் சொன்னவை” என்றாள். ரயில் வந்தது, கதவு திறந்து மூடியது, போய்விட்டது. நான் ஏறவில்லை.

திருமதி புஷ்பராணி யோசப் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். யாழ்ப்பாணத்தவர். பரமட்டாவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருச்சியிலிருந்து வந்த எனக்கு அவர் புஷ்பம் அக்கா. அவரை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்லலாம். அக்டோபர் கடைசியில், பிள்ளைகள் வீடு வீடாக இனிப்பு கேட்டு வரும் ஹாலோவீன் மாலையில் எங்கள் தெருவில் காரை நிறுத்தி, மெழுகுவர்த்திகள் நிறைந்த ஒரு வீட்டை வாய்பிளந்து பார்த்திருப்பீர்கள் என்றால், நீங்கள் பார்த்தது அக்காவின் கைவேலையைத்தான்.

அது ஹாலோவீனுக்காகத் தொடங்கியதல்ல. அவருடைய கணவர் யோசப் அண்ணனுக்கு நுரையீரல் கெட்டு, வீட்டிலேயே ஆக்சிஜன் இயந்திரம் வைக்க வேண்டி வந்தது. வீட்டில் இனி ஒரு திரிகூட எரியக்கூடாது என்று, வந்து பார்த்துப் போகும் நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாதா சொரூபத்தின் முன் மெழுகுவர்த்தி இல்லாமல் அண்ணனுக்குச் செபம் ஓடவில்லை. அக்கா கடையிலிருந்து பேட்டரியில் எரியும் ஒன்றை வாங்கி வந்து வைத்தார். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, “இது பொய்யெண்டு மாதாவுக்கே தெரியும், புஷ்பம்” என்றார்.

மறுநாள் அக்கா ஒரு நிஜ மெழுகுவர்த்தியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். “உங்கடை குசினியிலை இதைக் கொளுத்தி வச்சுக் கொஞ்ச நேரம் பாக்கட்டே?” என்று கேட்டார். ஜன்னலைச் சற்றுத் திறந்துவிட்டு, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் சமைத்து முடித்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

“என்னக்கா பாக்கறீங்க?”

“மெழுகு எல்லாப் பக்கமும் வழியேல்லை, பாத்தனீரே? காத்து சுடரைத் தள்ளுற பக்கம்தான் வழியுது.”

நானும் பிறந்ததிலிருந்து மெழுகுவர்த்தி பார்க்கிறேன். அன்றுதான் பார்த்தேன்.

சமையலறைக் காகிதச் சுருளின் உள்ளே இருக்கும் அட்டைக் குழாய்தான் அவர் எடுத்துக்கொண்ட உடல். அதன்மேல் குளூ கன்னால் சூடான பசையை வழியவிட்டார், ஒரே பக்கமாக. பால் வெள்ளை பெயின்ட்டில் தேநீர்ச் சாயம் கலந்து பூசினார். மேல் விளிம்பை மட்டும் அட்டையில்லாமல், பெயின்ட் இல்லாமல், பசையாலேயே மெல்லிசாகக் கட்டினார். உள்ளே வைத்த சின்ன பேட்டரி விளக்கின் வெளிச்சம் நிஜ மெழுகில் ஊறுவதுபோல் அதில் ஊறி நின்றது. சுடரும் பசைதான். நுனி சற்றே சாய்ந்திருந்தது. எத்தனையோ கோணலாக வந்தன, தூக்கிப் போட்டார். விரல்களில் சூட்டுக் கொப்புளங்கள். வேண்டாமே என்றால், “இன்னும் சரிவரேல்லை” என்பார்.

சரிவந்த நாளில் நானும் அங்கே இருந்தேன். நர்ஸ் உள்ளே நுழைந்தார். மாதாவின் முன் எரிவதைக் கண்டார். கைப்பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் ஊதினார். அணையவில்லை. மறுபடி மூச்சைப் பிடித்து ஊதினார். பிறகு மெதுவாக விரலை நீட்டிச் சுடரைத் தொட்டார். தொட்ட விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி அங்கேயே நின்றார். மூக்கில் குழாயோடு அண்ணன் மூச்சுவாங்கச் சிரித்தார். “இனி மாதாவும் நம்புவா.”

அந்த அக்டோபரில் அண்ணன்தான் ஜன்னலிலும் வைக்கச் சொன்னார். இருட்டு வீடென்று அதுவரை தாண்டிப்போன பிள்ளைகள் அன்று வாசலுக்கு வந்தார்கள். நாற்காலியில் இருந்தபடியே அவர் இனிப்பு கொடுத்தார். அடுத்த குளிர்காலத்தில் அவர் காலமானார்.

அவ்வருடம் ஜன்னல் இருண்டு கிடந்தது. எதிர்வீட்டு லெபனான்காரப் பெண்மணி வேலியோரம் நின்று, “இந்த வருடம் மெழுகுவர்த்தி கிடையாதா? என் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்” என்றார். அன்று மாலையே அக்காவின் கராஜிலிருந்து சூடான பசையின் வாசனை வந்தது. அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு கூடின. படிகளில், வேலியில், மரத்தில். கண்ணுக்குத் தெரியாத நைலான் மீன்பிடி நரம்பில் கட்டித் தொங்கவிட்டவை அந்தரத்தில் நின்று எரிந்தன. செவன் ஹில்ஸ் போன்ற தள்ளியிருக்கும் இடங்களிலிருந்தெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள், கோயிலுக்குள் வந்துவிட்டதைப் போல.

போன அக்டோபரில், பொழுது சாயும் நேரம், எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு அக்கா என் கையைப் பிடித்துத் தெருவின் மறுபக்கம் கூட்டிப்போனார். இருவரும் அவருடைய வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“யாழ்ப்பாணத்திலை எங்கடை வீடு எரியேக்கையும் இப்பிடித்தான் றோட்டுக்கு அங்காலை நிண்டு பாத்தனான்” என்றார்.

இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் அதைச் சொன்னதே இல்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் கலக்கம் இல்லை. நர்ஸின் முகத்தில் அன்று கண்ட அதே வியப்பு, தம் கையால் செய்ததையே முதன்முறை காண்பவர்போல்.

“இது எரியிற வீடு மாதிரி இல்லை, என்ன?” என்றார். “உள்ளுக்கை ஆக்கள் இருக்கிற வீடு மாதிரிக் கிடக்கு.”

“ஆமாக்கா.”

“சரி, பிள்ளையள் வரப்போகுதுகள். நான் போறன்.”

இருபக்கமும் பார்த்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தெருவைக் கடந்து அந்த வெளிச்சத்துக்குள் நடந்தார்.

போய் வாருங்கள், அக்கா.