தொடையில் கட்ட வேண்டிய கருவி

ஒரு மனிதர் ஒரு நாளில் எவ்வளவு நேரம் அசைகிறார், எவ்வளவு நேரம் உட்கார்ந்தே இருக்கிறார் என்று அளக்கிற, தீப்பெட்டியளவு கருவி அது. மேற்படிப்பு ஆய்வுக்காகப் பத்துக் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு பாளையங்கோட்டைக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் அலைந்துகொண்டிருந்தேன். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டேதான் போவேன். எனக்கு உட்கார வராது.

தொடையில் கட்டினால்தான் ஆள் உட்கார்ந்திருப்பதை அது சரியாகக் கண்டுகொள்ளும். பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். ஆனால் பீடி சுற்றுகிற ஒரு அக்காவிடம் போய், சேலைக்குள் தொடையில் இதைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? வாட்ச் மாதிரி மணிக்கட்டில் கட்டிவிட்டு வந்தேன். பதிவேட்டிலும் மணிக்கட்டு என்றே எழுதிக்கொண்டேன், ஏதோ முன்பே முடிவு செய்தது போல. எல்லா வீட்டிலும் அப்படியே.

அக்காவுக்குச் சர்க்கரை. தினமும் கால்வாய்க்கரையில் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஒரு வாரம் கழித்துக் கருவியை வாங்கி லேப்டாப்பில் பார்த்தால், காலையிலிருந்து சாயங்காலம் வரை அசைவைக் காட்டும் கோடு துள்ளிக் குதித்தது. நான் ஒரு அவசரக்குடுக்கை. அங்கேயே காட்டி, நீங்கள் உட்காரவே இல்லையே என்று சொல்லிவிட்டேன். அவர் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு அதைக் காட்டினார்.

மூன்று வாரம் போய், எல்லோருடைய கோடுகளையும் அடுக்கிப் பார்த்தேன். பீடி சுற்றுகிற அத்தனை பேருக்கும் ஒரே துள்ளல். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அடக்கம். ஓடியது கை. இலையில் தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டுகிற கை. ஆள் அசையவே இல்லை.

அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். அக்கா மடியில் பீடித் தட்டோடு சுவரில் சாய்ந்திருந்தார். தினமும் நடக்கப் போகிறீர்களா என்றேன். விட்டுவிட்டாராம். மெஷினே சொன்ன பிறகு நடை எதற்கு என்று டாக்டரிடமும் சொல்லிவிட்டாராம். கொஞ்ச நாளாக உள்ளங்கால் எரிகிறதாம்.

நடந்ததைச் சொன்னேன். தொடை என்ற சொல்லை மட்டும் தரையைப் பார்த்துச் சொன்னேன். அவர் கை நின்றது.

"இத அன்னைக்கே சொல்ல வேண்டியதுதான? எனக்குக் கட்டத் தெரியாதா?"

"கூச்சமா இருந்துச்சுக்கா."

"கூச்சம் ஒங்களுக்கு. கால் எரியுதது எனக்குல்லா. அதக் கொண்டாங்க தம்பி."

உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்தார்.

மூன்றாம் நாள் போய்த் திரையைத் திருப்பி வைத்தேன். பகல் முழுக்கக் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது. அக்கா வெகுநேரம் பார்த்தார். பிறகு தட்டை இறக்கி வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

"பஸ் நிக்கித எடம் வரைக்கும் ஒங்ககூட வாரேன்."

இரண்டாவது தெருவிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. நான் நின்றேன். அவர் நிற்கவில்லை.